ஒரு விகுதியைப் பற்றி

வரைவின் நாற்பத்தொன்றாம் பக்கம்:
‘ரேகை பொருந்தாத இடத்தில்
மாற்று வழி வழங்கலாம்.’
அந்த ‘லாம்’
முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.

சூரமங்கலத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடி,
அதுதான் எங்கள் சோதனைக்கூடம்.
கைரேகைக் கருவியைக் குளிரில் வைப்போம், சூட்டில் வைப்போம்,
மூன்றடி உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்போம்.
விரல்கள் மட்டும்
பக்கத்துக் கல்லூரியிலிருந்து வரும்:
அறுநூறு பிள்ளைகள், ஆளுக்கொரு டீ, ஒரு சமோசா.
மிளகு உருவிய விரல்
அதில் ஒன்றாவது உண்டா என்று
எந்தப் படிவமும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

தவறாக மறுத்தல்: நூற்றுக்கு இரண்டு.
‘ஏற்கத்தக்கது.’
கீழே என் கையெழுத்து.

போன வியாழன், ஏற்காடு தாண்டி
நாகலூர் ரேஷன் கடைக்குப்
பழுது பார்க்கப் போனேன்.
கருவியில் பழுதில்லை.
வரிசையின் முன்னால் வெள்ளச்சி,
காபித் தோட்டத்தில் பழம் எடுப்பவர்.
வலது கட்டைவிரல். இல்லை.
இடது. இல்லை.
முந்தானையில் துடைத்து,
எண்ணெய்ப் பிசுக்குக்காகத் தலைமுடியில் தேய்த்து,
மறுபடி. இல்லை.
“நாளைக்கு வாங்கக்கா” என்றார் தணிகாசலம்.
நாளைக்கு வந்தால் நாளைய கூலி போகும்.
அவர் பையை மடித்துக்கொண்டார்.
பின்னால் இன்னும் நான்கு பேர் அப்படியே மடித்தார்கள்.

அப்போதுதான் கணக்கு உறைத்தது.
நூற்றுக்கு இரண்டு என்பது
ஊருக்கு ஊர் பங்கிட்டுக்கொண்ட இரண்டல்ல.
அந்த இரண்டு பேரும்
ஒரே மலையில் குடியிருக்கிறார்கள்.

இறங்கும்போது பேருந்தில் முன் இருக்கை.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் பலகை உண்டு.
பதினான்காவதில் ஓட்டுநர்
ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றார்.
சிமெண்ட் மூட்டையோடு ஒரு லாரி
இரைத்து இரைத்து ஏறிப் போனது.
யாரும் நன்றி சொல்லவில்லை.
ஏறுகிற வண்டிக்கு
இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும்.
எவனோ பெயர் தெரியாத ஒருவன்
பின்னோக்கி உருளும் பாரத்தை நினைத்து
எழுதி வைத்த விதி.
‘விடலாம்’ என்று எழுதியிருந்தால்
பள்ளத்தில் எத்தனை வண்டி கிடக்கும்?

இன்று குழுக் கூட்டம். திரையில் பதினோரு முகம்.
கருத்து எண் அறுபத்து மூன்று, என்னுடையது:
‘வழங்கலாம்’ போகட்டும், ‘வழங்க வேண்டும்’ வரட்டும்.
செலவு என்றார் ஒருவர்.
“உரிமையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும்,
நாம் எழுதுவது வெறும் தரநிலை” என்றார் இன்னொருவர்.
நல்ல மனிதர்தான்,
போன மாதம் என் மகளின் காய்ச்சலை விசாரித்தவர்.

“அந்தக் கடையில் சட்டம் உட்கார்ந்திருக்கவில்லை சார்,
கருவிதான் உட்கார்ந்திருக்கிறது.
அது இல்லையென்றால் இல்லைதான்” என்றேன்.
மைக்கை அணைத்து வைத்திருந்தது
பாதியில்தான் தெரிந்தது.
மறுபடி சொன்னேன்.
இரண்டாம் தடவை அவ்வளவு நன்றாக வரவில்லை.

முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது.
பதிவேட்டில் ஒரே சொல்: ‘விவாதிக்கப்பட்டது.’

சாயங்காலம் பழைய சோதனைத் திட்டத்தைத் திறந்தேன்.
‘விரல்கள்: கல்லூரி’ என்ற வரியை அடித்தேன்.
இதற்கு யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை.
நாகலூர், வெள்ளக்கல்பட்டி என்று எழுதினேன்.
செலவுக் கட்டத்தில்
டீ, சமோசாவை எடுத்துவிட்டு
‘வருகிறவர்களுக்கு அரை நாள் கூலி தரலா’

வரை போய்விட்டது கை.
நிறுத்தினேன்.
அடித்தேன்.