மூடி

மழை விட்டும் தூவானம் விடாத பகல்.
டிங்ஷு கடைத்தெருவில் அன்று போணியே இல்லை.
பேருந்து ஓட்டுநரின் நீலச்சட்டையோடு வந்தவர்
துண்டை அவிழ்த்து மேசையில் வைத்தார்:
உள்ளங்கையளவு தேநீர்க் குடுவை,
ஈரல் நிறம்,
தலை இல்லை.

கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் ஏதோ ஓர் அரசர் காலத்து முத்திரை.
மூன்றாம் எழுத்தில் ஒரு கோடு குறைவு.
என் பிழைதான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்
சூட்டோடு சூளையிலிருந்து எடுத்த மண்ணுக்கு
ஒரே பிற்பகலில் முந்நூறு வயது கொடுத்தேன்.
செருப்புக்குப் போடும் பாலிஷ்,
கொதிக்கக் கொதிக்கத் தேயிலைக் கஷாயம்,
இடுக்குகளில் அடுப்புக்கரி,
மூக்கு நுனியில் அளந்து வைத்த ஓர் உடைப்பு.
அப்புறம் வாய்.
வாய்தான் பாதி வேலை.
ஒரு நீதிபதி வீட்டு ஏலத்தில் எடுத்தது என்பேன்.

இப்போது இருமினேன்.

"அன்றைக்கே தெரியும்" என்றார் பூ ரோங்ஷெங்.
"முதல் நாற்பது தடவை
தேநீரில் பூட்ஸ் வாசனை.
என் மனைவி இதற்குக் கர்னல் என்று பேர் வைத்தாள்."

தினம் இரண்டு வேளை,
ஒரே ரகத் தேயிலை, சோப்புப் படாமல்.
மிச்சத்தை அதன் முதுகிலேயே ஊற்றுவார்களாம்.
கடைசி வண்டி விட்டு வரும் இரவுகளில்
பேச ஒன்றும் இல்லாதபோது
ஈரத்துணியால் தேய்ப்பார்களாம்,
அவர் கொஞ்சம், அவள் கொஞ்சம்.

என் கெண்டியை எடுத்து
வெறும் வெந்நீர்தான் விட்டார்.
கிண்ணத்தில் விழுந்தது வெறும் வெந்நீர் இல்லை.
வெயிலில் மறந்துபோன பழத்தோலின் மணம்.
நான் பூசிய வயது எப்போதோ கழன்றிருந்தது.
அந்த இடத்தில் ஏறியிருந்த வயதுக்கு
என்னிடம் விலை இல்லை.

வாயின் அகலம் அளந்தேன்,
நெருப்பில் சுருங்கப்போவதையும் சேர்த்து.
"பழசாக்கித் தரவா?"
பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்.

"புதுசாகவே இருக்கட்டும்.
குமிழை மட்டும் சற்றுப் பெரிதாக வையுங்கள்.
அவளுக்கு இப்போது விரல் நடுங்குகிறது."

மூன்றாம் வாரம் வந்தார்.
கர்னலுக்குச் செக்கச்செவேலென்று ஒரு தொப்பி.
ஊற்றிக்கொண்டே
மூடித் துளையை விரலால் அடைத்தார்.
நீர் சட்டென்று அறுந்தது.
பொருத்தம்தான்.

பிறகு எட்டு யுவான் பேரம் பேசினார்.
போன தடவை பேசாமல் விட்டது, என்றார்.