ஒற்றைப் பாதாம்

பால்கஞ்சி அடிபிடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்துத்தான்
ரீக்காவுக்கு போன் வந்தது.
குஹ்மோ சாலையில் முழங்கால் வரை பனி,
இன்னும் கொட்டுகிறது,
ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியையாவது திறந்துவிட வேண்டும்.
விடிந்தால் கிறிஸ்துமஸ் என்று
பனிக்கு யார் போய்ச் சொல்வது?

ஃப்ளாஸ்க்கில் நாலு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன்.
பட்டைப் பொடி தூவ மறந்துபோனேன்.
முற்றத்தில் அவளுடைய மஞ்சள் வண்டி
இருமி இருமி எழுந்தது.
சன்னலில் மூக்கை ஒட்டி நின்ற ஆடோஸ்
அம்மா போகிறாள் என்று சொல்லவில்லை,
ஆரஞ்சு விளக்கு போகிறது என்றான்.

பானைக்கு ஒரு பாதாம், அதுதான் வழக்கம்.
யார் கிண்ணத்தில் விழுகிறதோ
வருகிற வருஷம் அவர் பக்கம்.
சைமி மெல்லாமல் நாக்கால் துழாவினாள்.
பதினொரு வயது; வீட்டுக்கு அவள்தான் வக்கீல்.
ஆடோஸ் மூன்று கிண்ணம் தின்றான்,
மூன்றாவதை அழுதுகொண்டே.
வாயைத் திற. நீ திற. நீ முதலில்.
இரண்டு வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன்,
ஆடுகிற பல் ஒன்று அகப்பட்டது.
பானையைச் சுரண்டினேன்,
தீய்ந்த ஏடு.
எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
உப்புப் போட்டது நினைவிருக்கிறது,
வெண்ணெய் போட்டது நினைவிருக்கிறது,
பாதாம் போட்ட கை
போன வருஷத்துக் கையாகவும் இருக்கலாம்.

பத்து மணிக்கு வெளிச்சம் வந்து
இரண்டு மணிக்குப் போய்விட்டது,
அவசரமாய் வந்த விருந்தாளி போல.
அதற்குள்
சைமி வாசலிலிருந்து சாவ்னா வரை பாதை வெட்டினாள்,
கொஞ்சம் கோணலாக, ஒரு முயல் தடத்தைக் காப்பாற்றுவதற்காக.
நட்சத்திரப் பணியாரங்களில் ஆறின் முனை கருகியது,
கருகிய முனைகளை நானே தின்று தீர்த்தேன்,
உலர்பிளம் ஜாம் மேலண்ணத்தைச் சுட்டது.
பக்கத்து வீட்டு கவ்கோ
செய்தித்தாள் சுற்றிய கிழங்குப் பாத்திரத்தோடு வந்து,
உள்ளே வராமலே,
"வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.
இந்தத் தெருவில் என் மனைவியை
எல்லோரும் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

ஐந்தரைக்கு அந்த விளக்கு
மரங்களின் மேல் சுழன்றபடி வந்தது.
புருவத்தில் பனி, ஒரு காதில் மட்டும் தொப்பி.
"லென்டீரா திருப்பத்தில் ஒரு பால் லாரி
பள்ளத்தில் இறங்கிவிட்டது" என்றாள், அவ்வளவுதான்.
சாவ்னாவில் முதல் குவளைத் தண்ணீர்
கல்லில் விழுந்து சீறியதும்
நாலு பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டோம்.
படிக்கட்டில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தபோது
ஆடோஸ் தன் முழங்காலிலிருந்து எழுகிற புகையை
ஊதி ஊதி அணைக்கப் பார்த்தான்.

இரவு ஃப்ளாஸ்க்கைக் கழுவ எடுத்தால்
பாதிக் கஞ்சி அப்படியே இருக்கிறது.
கவிழ்த்தேன்.
டொக்.

சோப்பு நுரைக்குள் அது கிடந்தது,
ஊறி, வெளுத்து, குண்டாக.
வழக்கு கூடியது.
"அம்மா தின்னவில்லை, அதனால் அம்மாவுக்கு இல்லை.
எங்கள் கிண்ணத்தில் விழவில்லை, எங்களுக்கும் இல்லை.
நாள் முழுக்கச் சுமந்தது யார்?" என்றாள் சைமி.
தீர்ப்பு முடியுமுன்பே ஆடோஸ்
பைஜாமாவின் மேல் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.
நான்கு பேரும் போனோம், மைனஸ் பத்தொன்பதில்,
ஒரு பாதாமை
பனிவண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் வைக்க.

விடிகாலை நாலு மணிக்கு மறுபடி போன்.
போர்வைக்குள்ளிருந்தே கேட்டேன்:
இருமல், இன்னொரு இருமல், பிறகு சாலை.

முதல் வளைவிலேயே எங்கோ உருண்டுவிட்டதாம்.
ஆடோஸிடம் சொல்லிவிடாதே என்றாள்.
இன்றுவரை கிடைக்கவில்லை, அவள் தேடவும் இல்லை.
லென்டீரா திருப்பத்தில் மட்டும்
சீட்டுக்கு அடியிலிருந்து
ஒரு சின்னச் சத்தம் வருகிறதாம்.