எழுதாமல் விட்ட கட்டம்

கத்திரி பிறந்ததும் வீட்டில் பந்தயம்:
இன்றைக்கு வேலூரில் எத்தனை டிகிரி?
காலண்டர் கட்டத்தில் நாலு பேர் கணக்கு.
தோற்றவர் நுங்கு வாங்க வேண்டும்.
தணிகைவேல் தினமும் நூற்றெட்டு என்பான்,
ஆம்புலன்ஸை நினைத்துச் சொல்கிறானோ என்னவோ.

இவருக்கு இந்த மாதம் பதினோரு கச்சேரி.
மூன்றுக்குத்தான் பணம் வந்தது.
டிரம்பெட் மட்டும் பளபளவென்று இருக்கிறது.
யாமினிக்கு பாலாற்று மணலில் வாலிபால்.
ஆறு தண்ணீர் தரவில்லை,
கிரவுண்டாவது தந்தது.
லேபில் நைட் ஷிப்ட் இல்லாத நாளில்
ஸ்கோர் பலகை என் கையில்.

திருவிழா இரவு, விரிஞ்சிபுரம்.
கரையில் மேடை, மணலில் ஃபைனல்.
கடைசி செட், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.
யாமினி சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கினாள்,
ஊரே இருண்டது.
பந்து எங்கே விழுந்தது என்று இன்னும் தகராறு.

மேடையில் ஒரு ஜெனரேட்டர்.
பாட்டையும் விளக்கையும் சேர்த்து இழுக்காது.
கீபோர்டுக்காரர் முறைக்க முறைக்க
இவர் ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கினார்,
ஃபோகஸ் லைட்டை ஆற்றுப் பக்கம் திருப்பினார்,
டிரம்பெட்டோடு மணலில் இறங்கிவிட்டார்.
மூச்சுக்கு எதற்குக் கரண்ட்?

ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு சங்கதி.
எதிரணிக்கும் ஊதினார்.
அதில்தான் யாமினிக்குக் கோபம்,
பதினைந்துக்குப் பதினேழில் தோற்றதில் அல்ல.
வலையைச் சுருட்டித் தோளில் போட்டு
எங்களுக்கு முன்னால் நடந்தாள்,
அதே மெட்டை முணுமுணுத்தபடி.

அன்றைக்கு எத்தனை டிகிரி?
யாரும் பார்க்கவில்லை.
அந்தக் கட்டத்தில் தணிகைவேல்
ஒரு வட்டம் போட்டிருக்கிறான்.
பந்தாடா, டிரம்பெட் வாயா என்றால்
நுங்கு என்கிறான்.
வாங்கப் போவது யார் என்றுதான்
இன்னும் முடிவாகவில்லை.