ஆணி நிமிர்த்துகிறவள்

நூறு ஆணி நிமிர்த்தினால் ஒன்றரை அணா.
முறிந்தது கணக்கில் சேராது.

திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசிலிருந்து தாள் வந்திருக்கிறது:
தை முடியுமுன் ஆறு தோணி.
தூத்துக்குடிக் கரையில் ஏரா போட்டாயிற்று.
வங்குக்குக் கருவேலங்கட்டை
சீவலப்பேரிக் குளத்திலிருந்து
வண்டி வண்டியாக வருகிறது, முள்ளோடே.
ஆணிதான் இல்லை.
புது இரும்பெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதாம்.
கிழட்டுத் தோணிகளைப் பிரித்து
உருவினதெல்லாம் என்னிடம் வருகிறது
கூடை கூடையாக, உப்புப் பூத்து.

"தலையில அடிக்காத தாயீ, முதுகுல தட்டு"
என்றார் இசக்கிமுத்து ஆசாரி.
அவ்வளவுதான் படிப்பு.

ஒருநாள் சங்கு ஊதிற்று.
தோணிக்கு அடியில் குப்புறப் படுத்தோம்.
கலப்பத்துக்காரிகள் மடியில் பஞ்சு,
என் வாயில் மணல்.
அண்ணாந்து பார்த்து வாட்சுமேன் எண்ணினான்:
பூநாரை, நாற்பத்திரண்டு.
உப்பளத்துக்குப் போகிறதுகள்.
சிரித்துச் சிரித்து எழுந்தோம்.
அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கித்தேரியான் போனது பெரிய வியாழனுக்கு முன்னால்,
உடன்குடிக் கருப்பட்டியும் வெங்காயமும் ஏற்றி.
உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது.
அதற்குப் பிறகு கடிதாசி இல்லை,
கருமாதியும் இல்லை.
பங்குச்சாமி பொறு என்கிறார்.
ரேஷன் அட்டையில் அவர் பேர் இன்னும் இருக்கிறது;
அவர் பங்குக் கோதுமையையும் நான்தான் தின்கிறேன்.

ஆடியில் ஒரு தோணியை இழுத்துவந்து போட்டார்கள்.
முன்பக்கம் கரிக்கட்டை.
பேர்ப்பலகையில் மிச்சம் 'மேரி' மட்டும்.
இந்தக் கரையில் பாதித் தோணி
மேரி என்றுதான் முடியும்.

அதன் ஆணியும் என்னிடம்தான் வந்தது.
நெருப்பில் வெந்த இரும்பு தட்டுக்கு இணங்காது,
சில அப்பளம்போல் உடைந்தது,
சில கயிறுபோல் துவண்டது.
பொழுது சாயத் தேறினது அறுபது.
எழுத்தர் தஸ்நேவிஸ் கூடையைப் பார்த்தார்,
நூறு என்று எழுதினார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவரும் தலை தூக்கவில்லை.

இன்றைக்கு முதல் தோணி இறங்குகிறது.
அந்த அறுபது எந்தப் பலகையில் ஏறியதென்று
ஆசாரிக்கே தெரியாது.
கசிவு இருக்கிறதா என்று கலப்பத்துக்காரிகள்
அடிப்பலகையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போகிறார்கள்.
என் வேலையில்லை அது.
நானும் போய்க் காது வைத்தேன்.
சுறா எண்ணெய்
கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.