ஐந்தாம் மெட்டு

விலைச்சீட்டை உள்பக்கமாய்த் திருப்பி வைத்திருந்தேன்.
முதலில் அதைத்தான் புரட்டினாள்.
அறுபத்தெட்டாயிரம் குரோனா.
"என் காரைவிட அதிகம்" என்றாள்.
"கார் ஓடுவதில்லை, அது வேறு விஷயம்."

கோத்தன்பர்க்கில் நவம்பர் கடைசி.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
டிராம் ஓட்டுகிறவர்களின் நீலச் சீருடை,
தோள்பட்டையில் மழை.
ஹில்லெவி என்றாள், கேட்காமலே.
விலை உயர்ந்ததைத் தொட வருகிறவர்கள்
ஏனோ பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள்.
இடுப்பு பெல்ட்டின் கொக்கியைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினாள்.
அங்கேயே தெரிந்துவிட்டது, வாசிக்கிறவள்.
பாதிப்பேர்
ஜிப் வைத்த கோட்டோடு மடியில் அணைத்து
கட்டைவிரலால் அறைவார்கள்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஐந்து தந்தி. வால்நட் முகம்.
கழுத்து, ஐந்து மரப்பட்டைகளை ஒட்டி இழைத்தது.
மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டாள்,
தலை கனத்துச் சாய்கிறதா என்று.
சாயவில்லை.
அடித் தந்தியைச் சும்மா தொட்டாள்:
மூலையில் விற்காமல் கிடக்கும் ஸ்நேர் டிரம்
தானாகச் சிலிர்த்தது.

சனிக்கிழமை நடனக் கூடத்து வால்ட்ஸ் ஒன்று,
மூன்று மூன்றாய் நடக்கவிட்டாள்.
பிசகில்லை. ஆனால்
மெல்லிய தந்தியின் ஐந்தாம் மெட்டு வரும்போதெல்லாம்
கை விலகி
பக்கத்துத் தந்தியில் பத்தாம் மெட்டுக்குத் தாவி
அதே சுரத்தை எடுத்துக்கொண்டு திரும்பியது.
உடைந்த படியைத் தாண்டிப் பழகிய கால்
இருட்டிலும் தாண்டுமே, அப்படி.

"அங்கே என்ன?" என்றேன்.
தன் கையை அப்போதுதான் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.
"என்னுடையதில் அந்த இடம் செத்தது.
தொட்டால் டொக்கென்று விழுந்துவிடும்.
இருபத்திரண்டு வருஷமாய்ச் சுற்றிக்கொண்டு போகிறேன்."

"இதில் எந்த இடமும் சாகவில்லை."

"தெரியும். கைக்குத் தெரியாதே."

பிறகு வைத்தாள் விரலை, அங்கேயே.
மீட்டினாள்.
நின்றது.
வாசலில் குடையோடு மல்லாடிய ஆள் விரித்து முடித்துப் போனார்,
சிக்னல் மாறியது, தெருவைக் கடந்தார்கள், மறுபடி மாறியது,
இன்னும் நின்றது.
அவள் முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.
ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்,
அறுபத்தெட்டாயிரம் அல்லாத கணக்கு.

வாரை என் தோளுக்கு மாற்றினாள்.
"நீங்கள் வாசியுங்கள், நான் வெளியே நிற்கிறேன்.
பாஸைக் கூட்டத்தில் யார் கேட்கிறார்கள்,
சுவருக்கு அந்தப் பக்கம்தான் கேட்கிறார்கள்."

மழையில் போய் நின்று
காட்சிக் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தாள்.
எனக்கு வால்ட்ஸ் வராது.
அந்த ஒரு சுரத்தை மட்டும் வாசித்தேன்,
அந்த இடத்திலேயே, திரும்பத் திரும்ப.
நடுவில் ஒன்பதாம் எண் டிராம் வந்து
தண்டவாளத்தின் உறுமலை அதன்மேல் ஊற்றியது.
எது எங்கே முடிந்ததென்று
உள்ளே இருந்த எனக்குப் பிடிபடவில்லை.

டிராம் போனதும்
கண்ணாடிக்கு அப்பால் ஏதோ சொன்னாள், உதடு மட்டும்.
போதும் என்றா,
இன்னொரு தரம் என்றா?

இன்னொரு தரம் மீட்டினேன்.
கையை எடுக்கவில்லை அவள்.