ஐம்பத்தொரு விழுக்காடு

உலகத்தைக் கட்டங்களாக வெட்டிய நிரலில்
தலைஞாயிறு
ஒரு கட்டத்தின் மேற்கு ஓரம்.
ஐம்பத்தொரு விழுக்காடு தண்ணீர் என்பதால்
அந்தக் கட்டத்துக்குக் கடல் என்று பெயர்.
கடலில் நெல் விளையாது. கடலுக்கு
போர்வெல் கிடையாது, கரண்ட் பில் கிடையாது.
இரண்டாயிரத்து எழுபது வரை ஓட்டிப் பார்த்தேன்.
யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

திருத்த வேண்டியிருந்தது.
அடப்பாற்று ரெகுலேட்டர் பக்கம்
நாலு கிணற்றின் உப்பை அளந்து அனுப்ப
டேங்க் ஆப்பரேட்டர் சவுரியம்மாள் ஒத்துக்கொண்டார்.
மீட்டர் நான் கொடுத்தது.
பேட்டரி அவர் காசு.

பத்தொன்பது மாத எண்களில் ஒன்று மட்டும்
தறிகெட்டு நின்றது:
நவம்பர் இருபத்தாறு, மூன்றாம் கிணறு,
பதினோராயிரம்.
கருவிப் பிழை என்று ஒரே வரியில் நீக்கினேன்.
வளைகோடு வழவழவென்று வந்தது.
திருவாரூர்க் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

அச்சிட்ட தாளை அவரிடம் கொண்டுபோனேன்.
நாள் நாளாக விரலை நகர்த்தி
ஓரிடத்தில் நிறுத்தினார்.
"இருபத்தாறு எங்க?"

"அன்னிக்கு மெஷின் தப்பாக் காட்டிருச்சு."

"மெஷினா?
அன்னிக்கு ஷட்டர் துருப்புடிச்சு எறங்கல.
ராத்திரியோட ராத்திரியா ஏறி வந்துருச்சு.
விடிஞ்சா வாய்க்கால் முழுக்கக் கெளுத்தி
செத்து மெதக்குது.
அன்னிக்கு ஒலைக்கு உப்பே போடல நாங்க."

இன்றிரவு மறுபடி ஓட்டுகிறேன்.
அந்த ஓர் எண்ணைச் சேர்த்ததும்
நிரல் நாலாம் ஆண்டிலேயே தடுக்கி நிற்கிறது,
சிவப்பில் ஏதோ சொல்கிறது.
நிற்கட்டும்.

துருவுக்கு ஒரு மாறி எழுத வேண்டும்.
அதன் அலகு என்ன என்று
அவரைத்தான் கேட்க வேண்டும்.
அதற்கு முன்னால்
பேட்டரிக் காசு.