படம் 3அ

பெயரைக் கறுப்புப் பட்டையால் மறைத்தேன்,
விதி அது.
மிஞ்சியது இரைப்பையின் ஒரு மடிப்பு,
அதில் நாலு மில்லிமீட்டர் சிவப்பு.

இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின.
மூன்றாவது ஏற்றது.
பரேல் வார்டிலிருந்து ஒசாகா வரை
பதினோரு வருடம்
அந்தச் சிவப்போடு மேடையேறினேன்.
இணைப் பேராசிரியை, பேராசிரியை, துறைத்தலைவர்...
கதவில் பலகை மாறியது,
ஸ்லைடு மாறவில்லை.
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்
வெளிச்சம் எந்தப் பக்கம் வழுக்கியது என்று.

நேற்று தாதர் மீன் சந்தையில்
வாவல் விலை கேட்டேன்.
கத்தியை நிறுத்தி நிமிர்ந்தாள் ஒருத்தி.
"தெரியலையா டாக்டர்பாயி? நான் ஷேவந்தி!
குழாயைக் கடிக்காதேன்னு திட்டினீங்களே!"

மூக்குத்தியைப் பார்த்தேன்.
நரைத்த வகிட்டைப் பார்த்தேன்.
சிரிப்பில் தெரிந்த உடைந்த பல்லை.
ம்ஹூம்.

ஒசாகாவை அவளிடம் எப்படிச் சொல்வது?
பையை விரித்துப் பிடித்தபடி நின்றேன்.

"குடலை எடுத்துடவா?"

பதிலுக்குக் காத்திராமல்
பக்கத்துக் கடைக்காரியோடு பேசிக்கொண்டே
செவுள் வழியே இரண்டு விரல் விட்டாள்.
ஒரே இழுப்பு.
எங்கும் கிழியாமல் முழுசாய் வந்தது.

சுற்றிக் கொடுத்தாள்.
விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.